வார்த்தைக்கு நாற்பது பைசா: ஃப்ரீலான்ஸ் எழுத்தாளருக்கு நியாயமான விலை எது?

கேள்வி:

மதுரை கே.கே. நகரில் சிறிய டிஜிட்டல் மார்க்கெட்டிங் அலுவலகம் நடத்துகிறேன். சுங்குடிப் புடவைக் கடை, பல் மருத்துவமனை, டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி மையம் உட்பட ஐந்து வாடிக்கையாளர்களின் வலைப்பதிவுகளுக்குக் கட்டுரைகள் தயாரித்துத் தருகிறேன். ஒருவருக்கு மாதம் எட்டுக் கட்டுரை; அதற்கு 8,000 ரூபாய் வாங்குகிறேன். எழுதித் தருபவர்கள் அனைவரும் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்கள். தமிழுக்கு வார்த்தைக்கு 40 பைசா, ஆங்கிலத்துக்கு 80 பைசா கொடுக்கிறேன். மேலூரிலிருந்து எழுதும் அக்கா ஒருவர் தமிழுக்கும் வார்த்தைக்கு ஒரு ரூபாயாவது வேண்டும் என்கிறார். கல்லூரி மாணவர்கள் சிலரோ 25 பைசாவுக்கே எழுதத் தயாராக இருக்கிறார்கள். வரும் கட்டுரைகளை, ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம் வீதம், இரவில் நான்தான் உட்கார்ந்து திருத்துகிறேன். 18,000 ரூபாய் சம்பளத்தில் ஒருவரை முழுநேரமாக வைத்துக்கொள்ளலாமா என்றும் யோசித்தேன். வாடிக்கையாளர்களில் ஒரு கம்பெனி எனக்குத் தரும் தொகையில் பத்து சதவீதம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே கழித்துக்கொள்ளும் வருமான வரி) பிடிக்கிறது, அதனால் அந்தக் கட்டுரைகளை எழுதியவர்களிடம் நானும் பத்து சதவீதம் பிடித்துக்கொள்கிறேன். வாடிக்கையாளர் பணம் வர இரண்டு மாதம் ஆகிறது. வந்த பிறகே எழுத்தாளர்களுக்குத் தருகிறேன். புடவைக் கடைக்காரர் தம் தளத்தில் வந்த கட்டுரைகளைச் சிறு புத்தகமாக அச்சடித்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்திருக்கிறார்; எழுதியவர் அதற்குத் தனியாகப் பணம் கேட்கிறார். இன்னொரு வாடிக்கையாளர், “ஏஐ எழுதித் தருகிறதே, பாதி விலைக்குக் கொடுங்கள்” என்கிறார். நியாயமான விலையை எப்படி நிர்ணயிப்பது, ஐயா?

ஒரு வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள வாசகிக்கு வணக்கம். அச்சகங்களுக்கும் பதிப்பகங்களுக்கும் செலவுக் கணக்குப் பார்ப்பது என் தொழில் என்பதால், உங்கள் கேள்விக்கும் கணக்கின் வழியாகவே பதில் சொல்கிறேன். நாற்பது பைசா சரியா, ஒரு ரூபாய் சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு கட்டுரை எத்தனை மணி நேரத்தில் உருவாகிறது என்பது தெரியாதவரை, இந்த இரண்டில் எதைச் சரி என்று சொன்னாலும் அது குருட்டாம்போக்கான பதிலாகவே இருக்கும். ஆகவே வார்த்தைக் கணக்கைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, நேரத்திலிருந்து தொடங்குவோம்.

உங்கள் புடவைக் கடைக்கு, சுங்குடிப் புடவையைத் துவைத்துப் பராமரிப்பது பற்றி 800 வார்த்தையில் ஒரு கட்டுரை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு எளிய வேலைதான். ஆனால் மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அது சௌராஷ்டிர சமூகத்தினர் வளர்த்த முடிச்சுக் கலை என்ற இரண்டு செய்திகளை வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையை எழுதிவிட முடியாது. இன்று சுங்குடி என்ற பெயரில் விற்பவற்றில் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றியவையும் உண்டு, மெழுகு அச்சு வைத்தவையும் உண்டு, வெறுமனே அச்சிட்டவையும் உண்டு. கடையில் எது இருக்கிறது, அதன் சாயம் முதல் துவைப்பில் எவ்வளவு போகும், உப்புத் தண்ணீரில் அலசச் சொல்கிறார்களா என்பதையெல்லாம் கடைக்காரரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். கடைக்காரரோ வியாபார நேரத்தில் பேச மாட்டார். மறுநாள் கூப்பிடச் சொல்வார். நீங்கள் அனுப்பிய குறிப்பைப் படிப்பதற்கும் கடைக்காரரிடம் பேசுவதற்கும் ஒரு மணி, பிற செய்திகளைத் தேடிச் சரிபார்க்க ஒரு மணி, எழுத இரண்டரை மணி, கீவேர்டு (தேடுபொறியில் வாசகர்கள் தேடும் சொல்) பார்த்து உட்தலைப்புகளும் தேடுபொறிக்கான சுருக்கக் குறிப்பும் அமைக்க அரை மணி, நீங்கள் சொல்லும் திருத்தங்களைச் செய்ய ஒரு மணி என்று கொண்டால் மொத்தம் ஆறு மணி நேரம் ஆகிறது. இதற்கு நீங்கள் தருவது 320 ரூபாய். மணிக்கு 53 ரூபாய்!

இந்த ஆறு மணி என்பது என் மதிப்பீடு. உங்கள் எழுத்தாளர்களில் இரண்டு மூன்று பேரிடம், அடுத்து எழுதும் சில கட்டுரைகளுக்கு மட்டும், நேரத்தைக் குறித்துத் தரும்படி கேளுங்கள். வேவு பார்ப்பதற்காகக் கேட்கவில்லை, விலையைத் திருத்துவதற்காகவே கேட்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வேகமாக எழுதுபவர்கூட நேரத்தைக் கூட்டிச் சொல்வார், பயந்த சுபாவம் உள்ளவர் குறைத்துச் சொல்வார்.

அடுத்ததாக, ஒரு மணி நேரத்துக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி வருகிறது. அதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. முழுநேர எழுத்தாளருக்கு 18,000 ரூபாய் கொடுக்கலாம் என்று நினைத்திருக்கிறீர்கள் என்றால், அந்த வேலைக்கு மதுரையில் அதுதான் நடப்புச் சம்பளம் என்று நீங்களே கருதுகிறீர்கள். இருபது பேருக்குக் குறைவான அலுவலகம் என்பதால் பி.எஃப். கட்ட வேண்டிய சட்டப் பொறுப்பு உங்களுக்கு வராது. ஆனாலும் லேப்டாப், இணையம், மின்சாரம், உட்காரும் இடத்துக்கான வாடகைப் பங்கு, தீபாவளி போனஸ், விடுப்பு நாட்களின் சம்பளம் எல்லாவற்றையும் குறைத்துப் பார்த்தாலும் மாதம் ஆறாயிரம் ரூபாய் கூடும். ஆக, அந்த ஊழியர் உங்களுக்கு 24,000 ரூபாய் செலவு. அவர் மாதம் 24 நாட்கள், எட்டு மணி நேரம் அலுவலகத்தில் இருந்தாலும், தொலைபேசி, கூட்டம், காத்திருப்பு போக உண்மையில் எழுதும் நேரம் நாளுக்கு ஐந்து மணிதான் தேறும். 120 மணி நேரத்துக்கு 24,000 என்றால் மணிக்கு 200 ரூபாய் ஆகிறது. ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர் இந்த லேப்டாப்பையும் இணையத்தையும் மின்சாரத்தையும் தம் கைக்காசிலிருந்து போட்டுக்கொள்கிறார். அடுத்த மாதம் வேலை வருமா என்ற நிச்சயமும் அவருக்கு இல்லை. எனவே 200 ரூபாயை அடிமட்ட விலையாக வைத்துக்கொள்ளுங்கள். அனுபவமும் துறை அறிவும் உள்ளவருக்கு அதற்கு மேல்தான் தர வேண்டும்.

இந்தக் கணக்கின்படி சுங்குடிக் கட்டுரைக்கு 1,200 ரூபாய் ஆகிறது. படித்தவுடன் கடிதத்தை மடித்து வைத்துவிடத் தோன்றும். வாடிக்கையாளரிடம் ஒரு கட்டுரைக்கு நீங்கள் வாங்குவதே ஆயிரம்தானே! அந்தச் சிக்கலுக்குப் பிறகு வருகிறேன்; அதற்கு முன் வார்த்தைக் கணக்கைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

வார்த்தைக்கு இவ்வளவு என்ற முறை ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆங்கிலத்திலேயே அதற்குக் குறைகள் உண்டு என்றாலும், தமிழில் அது அடிப்படையிலேயே பொருந்துவதில்லை. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஆங்கிலத்தில் ஆயிரம் வார்த்தை பிடிக்கும் செய்தி தமிழில் ஏறத்தாழ எழுநூறு வார்த்தையில் முடிந்துவிடும். உங்கள் விலைப்படி அதே செய்தியை ஆங்கிலத்தில் எழுதியவருக்கு 800 ரூபாயும் தமிழில் எழுதியவருக்கு 280 ரூபாயும் போகிறது. பாதி விலை கொடுப்பதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நடைமுறையில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதுவும், பல் மருத்துவம் போன்ற துறைகளில் ஆதாரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்க, அவற்றைப் படித்துப் புரிந்துகொண்டு நம் ஊர் வாசகருக்குத் தமிழில் சொல்லும் கூடுதல் உழைப்பும் தமிழ் எழுத்தாளர் தலையில்தான் விழுகிறது. ஆங்கிலக் கட்டுரைக்கு வாடிக்கையாளர்கள் கூடுதலாகத் தருகிறார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். அந்தக் கூடுதல் உங்கள் லாபத்தில் வந்து சேரட்டும், எழுதுபவரின் மணிக்கூலியில் அந்த வித்தியாசம் இருக்கக் கூடாது.

வார்த்தைக் கணக்கு நடையையும் கெடுக்கும். ‘செய்துகொண்டிருக்கிறார்’ என்று சேர்த்து எழுதினால் 40 பைசா. ‘செய்து கொண்டு இருக்கிறார்’ என்று பிரித்தால் ஒரு ரூபாய் இருபது பைசா. இதைத் தெரிந்துகொள்ள எந்த எழுத்தாளருக்கும் ஒரு வாரம்கூட ஆகாது. பத்து வரியில் சொல்ல வேண்டியது இருபது வரியாக நீள்வதும் இதனால்தான். இரவில் உட்கார்ந்து நீங்கள் வெட்டித் தள்ளுவது பெரும்பாலும் உங்கள் விலைமுறை வரவழைத்த சொற்களையே. வார்த்தைக்குப் பதில் எழுத்தை எண்ணலாமே என்று சிலர் சொல்வார்கள். ‘மதுரை’ என்னும் மூன்றெழுத்தைக் கணினி ஐந்தாக எண்ணும் என்பதால் அதுவும் தகராறில்தான் முடியும். தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளில் ஒரே எடையுள்ள இரண்டு வளையல்களுக்கு வேலைப்பாட்டைப் பொறுத்துச் செய்கூலி மாறுவதை நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம். எழுத்துக்கு மட்டும் எடையே கூலி என்று வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே கட்டுரைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுங்கள். மணிக் கணக்கு உங்கள் மேசையில் விலை போடுவதற்கு மட்டும் இருக்கட்டும். மணிக்கூலியாகவே கொடுத்தால் வேகமாக எழுதுபவர் நஷ்டப்படுவார். வாடிக்கையாளரே செய்தி, படம், விலை விவரம் எல்லாம் கொடுத்து, அதைக் கோவையாக எழுதினால் போதும் என்ற நிலையில் மூன்று மணி நேரம் ஆகும், அதற்கு 600 ரூபாய். எழுத்தாளரே தேடி, விசாரித்து எழுத வேண்டியதற்கு 1,200. பல் மருத்துவமனைக் கட்டுரையை மருத்துவர் ஒருவர் படித்துத் திருத்திய பிறகே வெளியிட வேண்டும். அந்தத் திருத்தங்களைச் சேர்க்க இன்னொரு மணி பிடிக்கும் என்பதால் 1,400. வார்த்தை அளவை, ‘700 முதல் 900 வரை’ என்பதுபோல், குறிப்பில் ஒரு வரம்பாக மட்டும் எழுதுங்கள். 720 வார்த்தையில் முடித்தவருக்கும் 880 எழுதியவருக்கும் ஒரே தொகைதான்.

இப்போது கட்டுப்படியாகுமா என்ற கேள்விக்கு வருவோம். எல்லாம் 800 வார்த்தைத் தமிழ்க் கட்டுரைகள் என்று கொண்டால், இன்று ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுக் கட்டுரைக்கு நீங்கள் எழுத்தாளர்களுக்குத் தருவது 2,560 ரூபாய். கையில் நிற்பது 5,440. எட்டை நான்காகக் குறைத்து, இரண்டு தேடி எழுதியவை, இரண்டு செய்தி கொடுத்து எழுதியவை என்று வைத்தால் 3,600 ரூபாய் ஆகும். கையில் நிற்பது 4,400. ஆயிரத்து நாற்பது ரூபாய் குறைவதாகத் தெரிகிறது. ஆனால் இந்தக் கணக்கில் உங்கள் உழைப்பு எங்கே இருக்கிறது? எட்டுக் கட்டுரைக்கு ஒன்றரை மணி வீதம் மாதம் 12 மணி நேரம் திருத்துகிறீர்கள். ஐந்து வாடிக்கையாளருக்கும் சேர்த்து அது 60 மணி. ஒழுங்காகக் கூலி கொடுத்து எழுதி வாங்கும் கட்டுரைக்கு அரை மணி போதும் என்றால், நான்கு கட்டுரைக்கு இரண்டு மணியில் வேலை முடிந்துவிடும். பத்து மணி மிச்சம். உங்கள் நேரத்துக்கும் அதே 200 ரூபாய்தான் என்று வைத்தாலும் 2,000 ரூபாய் ஆகிறது. ஆயிரத்து நாற்பதை விட்டு இரண்டாயிரத்தைப் பிடிக்கிறீர்கள். முதல் மாதத்திலேயே திருத்தும் நேரம் இப்படிக் குறைந்துவிடாது. உங்களுக்கு என்ன நடை வேண்டும் என்பது எழுத்தாளருக்குப் பிடிபட மூன்று நான்கு கட்டுரைகளாவது ஆகும். குறைந்த விலைக்கு எழுதி வாங்குபவர்கள் பலரும் இந்தத் திருத்தும் நேரத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை என்பதை அச்சகங்களிலும் பார்த்திருக்கிறேன். பிழை திருத்துபவருக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்தது மறு அச்சில் போய்விடும்.

எட்டைக் கேட்டவர் நான்குக்குச் சம்மதிப்பாரா என்று நீங்கள் தயங்கலாம். எல்லோரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆனால் எட்டுக் கட்டுரையில் ஐந்து, ‘சுங்குடிப் புடவையின் ஐந்து சிறப்புகள்’ என்ற ஒரே செய்தியைத் திருப்பிப் போட்டவை என்பதைக் கடைக்காரரிடம் அவருடைய தளத்தைத் திறந்தே காட்டலாம். தேடல் முடிவில் மேலே வருவதற்காகவே வண்டி வண்டியாகத் தயாரிக்கும் பக்கங்களை, மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், ஸ்பேமாகக் கருதுவோம் என்று கூகுள் 2024 மார்ச்சில் தன் விதிகளில் சேர்த்துவிட்டது என்பதையும் சொல்லுங்கள். எண்ணிக்கை குறைந்தது அவருக்கு உறுத்தினால், பழைய கட்டுரைகளில் மாதம் இரண்டைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லலாம். ஒவ்வொன்றும் ஒரு மணி நேர வேலை, அதற்கு 200 ரூபாய் எழுத்தாளருக்குக் கொடுத்துவிட வேண்டும். எட்டுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பவரிடம், செய்தி முழுவதையும் அவரே தர வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். அப்போது 4,800 ரூபாயில் முடியும், உங்களுக்கு 3,200 நிற்கும். அதற்கும் ஒத்துவராதவரை விட்டுவிடுவதே மேல். மனிதருக்கு 53 ரூபாய் மணிக்கூலி கொடுத்தால்தான் நடக்கும் என்ற ஒப்பந்தத்தில் நட்டத்தை எழுதுபவர் சுமந்துகொண்டிருக்கிறார் என்பதே பொருள்.

முழுநேர ஊழியரா ஃப்ரீலான்ஸா என்பதற்கும் இதே கணக்கில் பதில் உண்டு. ஐந்து வாடிக்கையாளருக்கும் தலா நான்கு வீதம் மாதம் இருபது கட்டுரை என்றால், பாதி ஆறு மணி, பாதி மூன்று மணி வீதம் 90 மணி நேர வேலைதான் இருக்கிறது. ஃப்ரீலான்ஸாக அதற்கு 18,000 ரூபாய் ஆகும். ஊழியர் வைத்தால் 120 மணிக்கு 24,000 கொடுத்தாக வேண்டும். பல் மருத்துவம், போட்டித் தேர்வு, புடவை மூன்றையும் ஒருவரே நன்றாக எழுதிவிடுவதும் அரிது. இப்போதைக்கு ஃப்ரீலான்ஸ்தான் உங்களுக்குப் பொருந்தும்.

25 பைசாவுக்கு எழுத வரும் மாணவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். செய்தி கொடுத்து எழுதும் 600 ரூபாய்க் கட்டுரைகளை அவர்களுக்குக் கொடுங்கள். அந்த விலையையும் குறைக்காதீர்கள். விலையை வேலையின் தன்மையையும் எழுத்தின் தரத்தையும் வைத்துத்தான் வேறுபடுத்த வேண்டும். ‘வீட்டில் சும்மாதானே இருக்கிறார்’, ‘பாக்கெட் மணிக்குத்தானே எழுதுகிறான்’, ‘இவருக்கு வேறு சம்பளம் வருகிறதே’ என்று அவரவர் வீட்டு நிலையைப் பார்த்து விலை போடத் தொடங்கினால், எழுத்தாளர்கள் ஒருவருக்கொருவர் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளும் நாளில் உங்களால் எவருக்கும் விளக்கம் சொல்ல முடியாது. மாதிரிக்கு ஒன்று எழுதித் தாருங்கள் என்று இலவசமாக வாங்குவதையும் நிறுத்திவிடுங்கள். பழைய கட்டுரைகளைப் படித்து ஆளைத் தேர்ந்தெடுங்கள். சோதனைக் கட்டுரை வேண்டும் என்றால் அதற்கும் முழு விலை கொடுங்கள்.

ஏஐ விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். இயந்திரம் முதல் வரைவு எழுதித் தருவதால் எழுதும் நேரம் குறைகிறதா என்பதையும் அதே நேரக் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டரை மணி ஒரு மணியாகக் குறைந்தாலும், கடைக்காரரிடம் கேட்பது, சரிபார்ப்பது, திருத்துவது ஆகியவற்றுக்கான நேரம் குறையாது; தமிழ் வரைவாக இருந்தால் நடையைச் செப்பனிடவும் பிழையான தகவல்களைக் களையவும் நேரம் கூடவே செய்யும். பாதி விலை என்ற கோரிக்கைக்கு அந்தக் கணக்கே பதில். ஏஐ பயன்படுத்தலாமா கூடாதா என்பதை எழுத்தாளர்களுக்கு எழுத்திலேயே தெரிவித்துவிடுங்கள். பல் மருத்துவமனைக் கட்டுரைகளுக்கு நான் அனுமதிக்க மாட்டேன்.

பத்து சதவீதப் பிடித்தம் தவறு. இதை மட்டும் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கம்பெனி பிடித்தது உங்கள் வருமானத்துக்கான முன்கூட்டிய வரி. அது உங்கள் பான் எண்ணில் வரவாகும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது உங்கள் வரியில் அது கழியும், கூடுதலாக இருந்தால் உங்களுக்கே திரும்பி வரும். அதை எழுத்தாளரிடமும் பிடித்தால், உங்கள் வரியை அவர் கட்டுவதாகத்தான் ஆகும். நீங்கள் எழுத்தாளர்களுக்குக் கொடுப்பதில் டி.டி.எஸ். பிடிக்க வேண்டுமா என்பது தனிக் கேள்வி. தனிநபர் வியாபாரமாக நடத்துபவருக்கு முந்தைய ஆண்டு விற்றுவரவு ஒரு கோடி ரூபாயைத் தாண்டினால்தான் அந்தக் கடமை வரும். ஐந்து வாடிக்கையாளரிடம் மாதம் எட்டாயிரம் வாங்கும் உங்களுக்கு அது பொருந்தாது. பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றினால் நிலைமை வேறு. அப்போது பிடிக்கும் தொகையை உரிய தேதிக்குள் அரசுக்குக் கட்டி, எழுத்தாளருக்கு அதற்கான சான்றிதழும் தர வேண்டும்.

புத்தக விவகாரத்தில் எழுதியவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளி உரிமையாளர். ஃப்ரீலான்ஸாக எழுதியவரோ தாமே முதல் உரிமையாளர். பணம் கொடுத்துவிட்டதால் மட்டும் உரிமை கைமாறிவிடாது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும்; அதில் காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்களிடம் அப்படி ஒரு தாளும் இல்லை என்றே கடிதத்திலிருந்து தெரிகிறது. தளத்தில் போடத்தான் எழுதி வாங்கினீர்கள், அச்சிட அல்ல. ஒவ்வொரு கட்டுரைக்கும் புதிய விலையில் கால் பங்காவது அச்சு உரிமைக்கென்று கொடுப்பது என் பரிந்துரை. அதைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு. அவர் தராவிட்டாலும் எழுத்தாளருக்கு நீங்கள் தர வேண்டும். இனிமேல் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தத் தளத்துக்கு, எத்தனை ஆண்டுக்கு, அச்சுக்கும் யூடியூப் வீடியோவுக்கும் பயன்படுத்தினால் எவ்வளவு, கட்டுரையில் பெயர் வருமா, பெயர் வராவிட்டால் தாம் எழுதியது என்று அவர் வேறு வாடிக்கையாளரிடம் காட்டிக்கொள்ளலாமா என்பவை அதில் இருக்கட்டும். பெயரும் போடாமல், சொல்லிக்கொள்ளவும் விடாமல் எழுதி வாங்குவதற்குக் கூடுதலாகக் கொடுப்பதே முறை.

அதே தாளில் திருத்தத்தின் எல்லையையும் எழுதுங்கள். முதலில் கொடுத்த குறிப்புக்குள் இரண்டு முறை திருத்துவது விலையில் அடங்கும். வாடிக்கையாளர் மனம் மாறித் தலைப்பையே மாற்றினால் அது புதிய கட்டுரை. எழுதி முடித்த பிறகு வேண்டாம் என்றால் பாதித் தொகை. சித்திரைத் திருவிழா சமயத்தில் காலையில் சொல்லி மாலைக்குள் கேட்கும் அவசர வேலைகள் உங்களுக்கும் வரும். அதற்குக் கால் பங்கு சேர்த்து வாடிக்கையாளரிடம் வாங்கி, அந்தக் கால் பங்கை முழுதாக எழுத்தாளருக்கே கொடுங்கள்.

பணம் கொடுக்கும் தேதியை நான் விலைக்குச் சமமாகவே கருதுகிறேன். இரண்டு மாதம் கழித்து வரும் 1,200 ரூபாயைவிடப் பதினைந்தாம் நாள் கைக்கு வரும் ஆயிரத்தை விரும்பும் எழுத்தாளர்கள் பலர் உண்டு. வாடிக்கையாளர் தாமதிக்கிறார் என்பது உங்களுக்கும் அவருக்கும் உள்ள விவகாரம். அந்தத் தாமதத்தைச் சுமக்க முதலீடு வைத்திருக்க வேண்டியவர் நீங்கள், மேலூர் அக்கா அல்ல. சட்டமும் இதையே சொல்கிறது. ஆதாரை வைத்து இலவசமாக உத்யம் பதிவு செய்துகொண்ட குறு, சிறு தொழில் செய்பவருக்கு, 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தந்துவிட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டியாக ஏறும். எழுத்தாளரும் சேவைத் தொழில் செய்பவர் என்ற முறையில் இதில் பதிவு செய்துகொள்ளலாம்.

நீங்களும் உடனே பதிவு செய்துகொள்ளுங்கள். 2023-24 நிதியாண்டிலிருந்து, இந்தக் கெடுவுக்குள் குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் கொடுக்காதவர், உண்மையில் கொடுக்கும் ஆண்டு வரை அதைத் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது. உங்கள் பில்லில் உத்யம் எண்ணைப் போட்டு அனுப்பினால், மார்ச் மாதத்தில் வாடிக்கையாளரின் ஆடிட்டரே உங்கள் பாக்கியை நினைவூட்டுவார். மாதப் பணத்தில் பாதியை முன்பணமாக வாங்கும் வழக்கத்தையும் புதிய வாடிக்கையாளரிடமிருந்தாவது தொடங்குங்கள்.

மேலூர் அக்கா கேட்டது 800 வார்த்தைக்கு 800 ரூபாய். அவர் தேடி எழுதுபவர் என்றால் அவருக்குச் சேர வேண்டியது அதைவிட அதிகம் என்பதைக் கணக்கில் பார்த்தீர்கள். ஐந்து வாடிக்கையாளரிடமும் பேசி முடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அதுவரை அவருடைய கட்டுரைகளுக்கு அவர் கேட்ட 800ஐயாவது கொடுங்கள். புதிய ஏற்பாட்டுக்கு மாறிவிட்ட வாடிக்கையாளரின் கட்டுரைகளுக்கு அந்த மாதத்திலிருந்தே 1,200 கொடுங்கள். ஆனால் புதிய விலைப்பட்டியலை எழுத்தாளர்களுக்கு அனுப்புவதற்கு முன்னால், இதுவரை டி.டி.எஸ். என்று பிடித்த பத்து சதவீதத்தை யார் யாருக்கு எவ்வளவு என்று குறித்து ஜிபேயில் திருப்பி அனுப்பிவிடுங்கள். புத்தகத்துக்கான தொகையையும் அதோடு சேர்த்துத் தீர்த்துவிடுங்கள்.